இரவு நேரத் தூதரகச் சேவையில் சிக்கனம்

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்வோர் மிகுந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், அலுவல் நேரம் கடந்த தூதரகச் சேவையின் செலவைக் குறைக்கும் பேச்சு பல குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. கடவுச்சீட்டை இழந்தவர் தாயகம் திரும்புவதற்கு மட்டும் உதவும் ஒருவழிப் பயண ஆவணமான அவசரச் சான்றிதழும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பத் தேவையான தடையின்மைச் சான்றும் விடுமுறை நாளிலும் வேண்டப்படுபவை. வெளிநாட்டில் இடருறும் இந்தியருக்கு உதவ 2009இல் உருவான இந்தியச் சமுதாய நல நிதிக்கு, தூதரகச் சேவைகளின் மீது வசூலிக்கப்படும் சிறு கூடுதல் கட்டணமே முக்கிய ஊற்று. ஆகவே தொழிலாளி இத்தகைய உதவிக்கான செலவில் ஒரு பங்கை முன்பே கட்டிவிடுகிறார் என்பது சிக்கனக் கணக்கில் எளிதில் மறக்கப்படுகிறது. பல தூதரகங்களின் இரவு அழைப்புகளை ஒரே மையத்தில் ஏற்பது பணத்தை மிச்சப்படுத்தக்கூடும். ஆயினும் அம்மையத்தில் தமிழ் அறிந்தவரும், அந்தந்த நகரில் சான்றில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்ற அலுவலரும் இருந்தால்தான் அது பயன்தரும்.