கண்டுபிடித்ததற்கு என்ன கூலி?

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையோரப் பட்டறைகளில் பழைய குட்டி யானைகள் எப்போதும் வேலைக்கு நிற்கின்றன. டாடா ஏஸ் என்ற பெயரில் 2005இல் வந்த வண்டி அது. இண்டிகா காரின் 1405 சி.சி. டீசல் இன்ஜினில் சரிபாதி: இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். ஏற்றும் எடை முக்கால் டன் என்பது கம்பெனிக் கணக்கு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி வரும் பருவத்தில் அதற்கு மேலும் ஏற்றுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டால் பல உரிமையாளர்களுக்குத் தெரியாது, ஸ்பீடோமீட்டர் ஒயர் அறுந்து வருடங்கள் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட வண்டியை ஓடவைப்பது ஸ்பேர் பார்ட்ஸ்தான் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். பட்டறைகளில் வேலையைக் கவனித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், எதில் கைவைக்கத் தேவையில்லை என்று முடிவெடுப்பதும்தான் இந்த வண்டிகளை இத்தனை வருடம் தாங்கியிருக்கின்றன. அந்த வேலைக்கு நம்முடைய பில்லில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கைத்தொழில் நலிவதற்கு முதல் காரணம் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

'வண்டி சூடாகுதுண்ணே' என்று வரும் புகாரை எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டர் மூடியிலிருந்து சிலிண்டர் ஹெட் வரை எதுவும் காரணமாக இருக்கலாம். மூடி என்பது வெறும் மூடியல்ல. அதிலுள்ள ஸ்பிரிங் தண்ணீரை அழுத்தத்தில் வைக்கிறது. கூடுதலாக ஒரு பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், வேறு எந்தக் கோளாறும் இல்லாத இன்ஜின்கூட மேட்டில் லோடுடன் ஏறும்போது தண்ணீரைக் கொதிக்கவைத்து வெளியே தள்ளிவிடும். அடுத்தது ஃபேன் பெல்ட் தளர்வு, உள்பக்கம் சப்பிப்போகும் ஹோஸ், திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட், அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப். ரேடியேட்டர் அடைப்புக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. கூலண்டுக்குப் பதில் வழியில் கிடைக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றுவதால் அதிலுள்ள உப்பு மெல்லிய குழாய்களில் படிந்து இறுகுகிறது. கடைசியில்தான் ஹெட் கேஸ்கெட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆயில் குச்சியை உருவிப் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல மெக்கானிக் இந்த வரிசையில் மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கி, கழற்றத் தேவையில்லாததிலிருந்து கழற்ற வேண்டியதை நோக்கிப் போகிறார். வரிசையை மாற்றி முதலிலேயே ஹெட்டைத் திறந்தால் ஃபேசிங், கேஸ்கெட் செட், லேத் கூலி என்று செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும். வண்டி மறுபடி சூடாகவும் செய்யும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் கூடுதலாகச் செலவாகும், போரும் ரிங்கும் சீக்கிரம் தேயும். அறிகுறி மறைந்துவிடுகிறது, நோய் வேறு இடத்தில் வளர்கிறது.

இதெல்லாம் குத்துமதிப்பு, அனுபவத்தின் பெயரால் நடக்கும் ஊகம் என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். ஒரு சோதனையை உன்னிப்பாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. இன்ஜின் ஐடிலில் குலுங்குகிறது, இழுவை இல்லை. சீட்டைத் தூக்கினால் கீழேயே இன்ஜின். நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒரு சிலிண்டரில் லேசாகத் தளர்த்துகிறார்கள். சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். இன்ஜின் அணையப் பார்த்தால் இதுவரை இழுத்தது அந்த ஒன்றுதான். பிறகு இரண்டு நாசில்களையும் இடம் மாற்றிப் போடுகிறார்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் குற்றம் நாசிலில். போகாமல் அங்கேயே நின்றால் கம்ப்ரஷனையோ வால்வையோ பம்பையோ பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து விளைவைப் பார்ப்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் மதிக்கப்படும் முறை. கியர்பாக்ஸ் பக்கம் சத்தம் வந்தால் கிளட்சை மிதித்துப் பார்ப்பதும் இதே தர்க்கம்தான். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தபோது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் பார்ப்பது, புகை கறுப்பா நீலமா வெள்ளையா என்று பிரிப்பது எல்லாம் இந்த வகைதான். இவை எதற்கும் தனிச் சோதனைக் கருவி வேண்டாம், பாகம் வேண்டாம். அதனாலேயே இவை பில்லில் ஏறுவதில்லை.

பில் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். கிளட்ச் பிளேட் விலை, கிளட்ச் இறக்கி ஏற்றக் கூலி. ஸ்பிரிங் கட்டு பிரித்துப் பட்டை மாற்றக் கூலி. போர் வேலைக்கு லேத் கூலி. ஒவ்வொரு கூலியும் ஒரு பாகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றி அனுப்பினால் மெக்கானிக்குக் கிடைப்பது டீக்காசு. அதே வண்டிக்கு ஹெட் வேலை என்று சொன்னால் அவருக்கு இரண்டு மூன்று நாள் கூலியும், ஸ்பேர் கடையில் வழக்கமான கழிவும் உண்டு. சரியாகக் கண்டுபிடிப்பவர் நஷ்டப்படுகிறார், பாகத்தை மாற்றிக்கொண்டே போகிறவர் பிழைக்கிறார். பெரும்பாலான பட்டறைக்காரர்கள் இந்த இழுப்பை மீறித்தான் நேர்மையாக வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு தொழிலின் தரம் தனிமனிதர்களின் மனசாட்சியை மட்டும் நம்பி எத்தனை நாள் நிற்கும்? டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுதாமல் 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் அதையே சொன்னால் எதற்குக் காசு என்று கேட்கிறோம்.

அரசின் சோதனையும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் ஊக்குவிக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, அதன்பின் ஆண்டுதோறும். பிரேக்கும் விளக்கும் பார்க்கப்படுவது மிக அவசியம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எஃப்.சி. நெருங்கும்போது உரிமையாளரின் கையிருப்பு பெருமளவு டிங்கர் வேலைக்கும் பட்டி பார்க்கவும் பெயிண்டுக்கும் ஸ்டிக்கருக்கும் போகிறது. சேஸிஸ் உள்பக்கம் துரு, நாசிலில் ஒழுகல், கிங் பின்னில் ஆட்டம் ஆகியவை அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகின்றன. வண்டியின் வயதும் அதே போல ஏமாற்றும் அளவுகோல். தூத்துக்குடியில் மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புநீர் சொட்டிச் சொட்டி எட்டே வருடத்தில் சேஸிஸ் அரித்துவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் ஏறி இறங்கும் வண்டிக்கு பிரேக்கும் கிளட்சும் முதலில் போகும். ஊருக்குள் தண்ணீர் கேன் போடும் வண்டி பதினைந்து வருடத்திலும் திடமாக இருக்கலாம். எந்த வண்டி எந்த இடத்தில் கிழடாகியிருக்கிறது என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது, கைவைத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பழைய டீசல் வண்டியைக் காப்பாற்றுவதே தவறு, காற்றைக் கெடுக்கிறது என்ற ஆட்சேபம் வலுவானது. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6 விதியின்படியான வண்டியோடு ஒப்பிட்டால் பழைய இன்ஜின் விடும் கரி மிக அதிகம். நெருக்கமான நகரத்துக்குள் இவை படிப்படியாகக் குறைய வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாத விவசாயியும் சிறுவியாபாரியும் மாறும்வரை இவை ஓடத்தான் போகின்றன. கறுப்புப் புகை கக்கும் வண்டிகளில் பலவற்றின் கோளாறு அடைத்த ஏர் ஃபில்டரும் ஒழுகும் நாசிலும்தான். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது டீசலையும் மிச்சப்படுத்தும், புகையையும் குறைக்கும்.

இனி ஸ்கேனர் இருக்கிறது, காது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. புதிய டீசல் வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் பி 0087 என்று வரலாம். நாசில்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். காரணம் ஃபில்டரா, பம்பா, ரெகுலேட்டரா, எங்காவது கசிவா, சென்சார் ஒயரா என்று அது சொல்லாது. மறுபடி மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கிய அதே வரிசைதான். இந்த வரிசையைப் பழகாமல் ஸ்கேனரை மட்டும் பிடித்தால் பம்பை மாற்றிவிட்டு ஃபில்டரில் வந்து நிற்க நேரும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்போ ஒரு வருட டீசல் மெக்கானிக் படிப்போ முடித்து வரும் பையன்களுக்குக் கழற்றி மாட்டத் தெரிகிறது. கேட்டு, யோசித்து, விலக்கி விலக்கிக் கண்டுபிடிப்பதை அவர்கள் பட்டறையில்தான் கற்கிறார்கள். அதற்குச் சம்பளம் இல்லை என்று தெரிந்த பட்டறையில் அவர்கள் முதலில் கற்பது பாகம் மாற்றுவதை.

கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி வைத்தால் ஏழை உரிமையாளர்தான் கூடுதலாகச் சுமப்பார், மெக்கானிக் சும்மா பார்த்துவிட்டும் காசு கேட்பார் என்பதுதான் நான் அதிகம் யோசித்த ஆட்சேபம். இதற்குப் பதில் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. டீசல் பம்ப் சரிபார்க்கும் கடைகளில் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் வைத்து ஸ்ப்ரே பார்ப்பதற்கே காசு வாங்குகிறார்கள். நாசில் நன்றாக இருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும். யாரும் சண்டை போடுவதில்லை. மெஷின் பார்த்தால் கூலி நியாயம், மனிதர் பார்த்தால் நியாயமில்லை என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றுவதைத் தடுக்க வழியும் எளிது: என்ன புகார், எதை எதைச் சோதித்தார், எதை விலக்கினார், எது காரணம் என்று நாலு வரி எழுதித் தருவது, மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பது, அங்கேயே வேலை செய்தால் பார்த்த கூலியை மொத்தத்தில் கழித்துக்கொள்வது. அந்த நாலு வரி அடுத்த பட்டறைக்கும் போகும். போன வருடம் எந்த நாசில் மாற்றியது, எந்த சைஸ் பிஸ்டன் போட்டது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து பிரிக்கும் செலவு, உரிமையாளர் கொடுக்கப் போகும் அந்தச் சிறு கூலியைவிடப் பல மடங்கு பெரிது.