கசப்பும் சுண்ணாம்பும்

கடலூருக்குச் செல்லும் எவரும் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. நாமும் கெடிலம் ஆற்றங்கரை வழியே அங்கு சென்று, புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைப் பார்த்தோம். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் யாவும் அவர்களுக்கே என்பது உடன்பாடு. அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்தது. 1746 முதல் 1752 வரை தென்னகத்தில் கம்பெனியின் தலைமையிடமாகவும் இக்கோட்டை விளங்கியது. 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதைக் கைப்பற்றி இடித்துவிட்டார். இன்று எஞ்சியிருப்பவை சில சிதைவுகளே.

கோட்டை போனாலும் கடலூரில் ஆங்கிலேயர் தங்கினர். அவர்கள் விரும்பிப் பருகிய பீரும் கப்பலில் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் அந்தப் பயணம் பல மாதங்கள் நீளும். பூமத்திய ரேகையை இருமுறை கடக்க வேண்டும். அவ்வெப்பத்தில் பீப்பாயிலுள்ள பீர் புளித்துக் காடியாகிவிடாதோ? அதற்குக் காவலாக அமைந்தது ஹாப்ஸ் என்னும் ஒரு கொடியின் பூ. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸை மிகுதியாக இட வேண்டும் என்பதை 18-ஆம் நூற்றாண்டு இலண்டன் வடிப்போர் நன்கு அறிந்திருந்தனர். பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' என்று உலகெங்கும் பெயர் பெற்ற பீர் அவ்வழியில் வளர்ந்ததே.

ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியின் கூம்பு வடிவப் பூங்கொத்தினுள் மஞ்சள் நிறப் பொடி போன்ற பிசின் இருக்கும். கசப்பும் மணமும் அதில்தான் அடங்கியுள்ளன. அதை இடும் முறைகள் பல. வாற்கோதுமைச் சாறு கொதிக்கத் தொடங்கும்போதே இட்டு ஒரு மணி நேரம் அளவில் கொதிக்கவிட்டால், பிசினிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரையும்; மணமோ ஆவியாகிப் போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் இட்டால் கசப்புக் குறைந்து மணம் நிற்கும். நம் இல்லத்தரசியர் இரசத்தில் புளியை முதலிலேயே கொதிக்கவிட்டு, கொத்தமல்லித் தழையை இறக்கும்போது தூவுவதை இதற்கு ஒப்பிடலாம். மூன்றாவது முறை, ஆறிய பீருள்ள பீப்பாயில் உலர்ந்த பூக்களை அப்படியே போட்டு ஊறவைப்பது. கடல் கடந்து வந்த பீருக்கு இம்முறையும் கையாளப்பட்டது. அறுவடையான பூவை உலர்த்தாமல் உடனே இடுவோரும் உண்டு.

இந்தப் பூவின் வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. 12-ஆம் நூற்றாண்டில் செருமனியில் வாழ்ந்த துறவி புனித ஹில்டெகார்டு, மூலிகைகளைப் பற்றி எழுதியபோது, ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் எனக் குறித்துள்ளார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2012-இல் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். 1516-இல் பவேரிய நாட்டுச் சட்டம், பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகியவையே சேரலாம் என விதித்தது.

பழைய நகரைக் கடந்து சிதம்பரம் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எனப் போகும் அவ்வழியில் பனைகள் கண்ணில் படுகின்றன. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் இது. பங்குனி, சித்திரை மாதங்களில் பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறத்தில் அவர் தடவும் சுண்ணாம்பைக் கண்டபோது, பீப்பாயிலிட்ட ஹாப்ஸ் நமக்கு நினைவுக்கு வந்தது. சாறு சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்ற அதே கவலைக்கு, நம் முன்னோர் கண்ட விடையன்றோ இது!

ஆனால் இவ்விரு காவலரின் வேலை ஒன்றல்ல. ஹாப்ஸ், பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்ட்டைத் தன் வேலை செய்ய விட்டுவிடுகிறது. சுண்ணாம்பின் காரமோ இரண்டையுமே அடக்குகிறது. ஆகவே ஹாப்ஸ் மதுவை மதுவாகக் காக்கிறது. சுண்ணாம்பு இனிப்பை இனிப்பாகக் காக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவது பதநீர். தடவாத கலயத்தில் வடிவது கள். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே.

மதுவின் பக்கம் நின்ற தாவரமும் நம்மிடம் உண்டு. வெல்லக் கரைசலில் வெள்வேலம் பட்டையை ஊறப்போட்டுப் புளிக்கவைத்து வடித்ததே பட்டைச் சாராயம். தோல் பதனிட உதவும் துவர்ப்பே அப்பட்டையிலும் உள்ளது.

வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை அடைந்தோம். ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கிலுள்ள இந்நகரில் ஹாப்ஸ் விளையாது. கோடையில் நீண்ட பகலும் மாரியில் கடுங்குளிரும் அதற்கு வேண்டும். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற இடம். கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அலைந்து களைத்த நமக்குப் பனையோலைத் தொன்னையில் ஒரு வாய்ப் பதநீர் கிடைக்குமா எனத் தேடினோம். கடைக்குக் கடை புட்டிப் பானங்களே அடுக்கியிருந்தன. நெடுநேரத்திற்குப் பின்னரே மிதிவண்டியில் குடம் கட்டி வந்த ஒரு முதியவரைக் கண்டோம்.

"உங்களுக்குப் பின் யார் ஐயா மரமேறுவார்?" என்று கேட்டோம்.

"பையன் சென்னையில் வேலை செய்கிறான். அவனை ஏறச் சொல்ல எனக்கே மனம் வராது" என்றார் அவர்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கள்ளக்குறிச்சியில், 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்தையை இழந்த அவ்வீட்டுப் பிள்ளைகளை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. மது வந்து சேரும் வழிகள் இத்தனை இருக்க, பதநீர் வரும் வழி ஒன்றே: ஒருவர் மரமேற வேண்டும், அதற்கு உரிய கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே, உங்கள் ஊரில் பனையேறி ஒருவர் இன்னும் இருப்பாராயின், பருவத்தில் அவரிடம் நாள்தோறும் ஒரு படி பதநீருக்குச் சொல்லிவையுங்கள். விழா நாளில் வீட்டுக்கு வருவோர்க்கு அதையே கொடுங்கள். பனைவெல்லத்தையும் அவர் வீட்டிலேயே வாங்குங்கள். விலை பேசும்போது மட்டும், மரத்தின் உயரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.