நிறுத்தச் சொன்ன மருத்துவர்

அரபு மருத்துவ நூல்களில் 'ராவந்த்' என்னும் வேரைப் பற்றிப் பலமுறை படித்திருக்கிறோம். கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவும் தம் 'அல்கானூன்' நூலில் அதனைக் குறிப்பிடுகிறார். சீனத்திலிருந்து வந்த வேரை அரபு மருத்துவர் 'ராவந்த் ஸீனி' என்றனர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'இரேவல்சின்னி' என்று கேட்டு வாங்குவதும் அதுவே. அந்தச் 'சின்னி' சீனத்தைக் குறிப்பது என்பது வெகுநாள் நமக்கு எட்டவில்லை.

சொல்லின் மூலம் அறிந்ததும் வேரின்மீதும் பற்று வந்துவிட்டது. ஐம்பதைக் கடந்த வயது; அமர்ந்தே பாடம் சொல்லும் தொழில்; மலச்சிக்கல் விட்டபாடில்லை. இரவில் சிறிது பொடியை வெந்நீரில் அருந்தினோம். விடிந்ததும் பலன் தெரிந்தது. ஒரு வாரம் என்று தொடங்கியது எட்டு மாதமாயிற்று, அளவும் ஏறிற்று. பின்னர், பொடி இல்லாத நாளில் வயிறு அசைய மறுத்தது. வலியும் சோர்வும் சேர, ரமழானில் தராவீஹ் தொழுகையை அமர்ந்து தொழ நேர்ந்த இரவில்தான் அச்சம் பிறந்தது. மருத்துவர் கருவி செலுத்திப் பார்த்துக் குடலின் உட்புறம் கறுத்திருப்பதைக் கண்டார். "கருமை நாளடைவில் மறையும், பொடியை நிறுத்துங்கள்" என்றார்.

அதன்பின், கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் சீன மருத்துவர் ஜாங் சோங்ஜிங் எழுதிய 'ஷாங்ஹான் லுன்' நூலின் மொழிபெயர்ப்பை நம் மாணவர் ஒருவர் படித்துக் காட்டினார். இதே வேரைக் கொண்டு கடும் கஷாயம் ஒன்றைச் சொல்லும் அவர், மலம் இறங்கிவிட்டால் எஞ்சியதை அருந்தலாகாது என்று விதிக்கிறார். நாம் திகைத்துப் போனோம். வேர் கடல் கடந்து நம்மிடம் வந்தது. விதி அங்கேயே தங்கிவிட்டதன்றோ!

நாட்பட்ட சிக்கலுக்கு அவர் தருவது வேறொரு மருந்து. கஞ்சா இனச் செடியின் போதையற்ற விதை முதலாய ஆறு சரக்குகளைத் தேனில் பிசைந்த உருண்டை அது. இரேவல்சின்னியும் அவற்றுள் ஒன்று. பத்து உருண்டைகளாக நாளுக்கு மூன்று வேளை தொடங்கி, பலன் தெரியும் வரை மெல்லக் கூட்டுக என்கிறார். ஹாங்காங்கில் 120 பேரிடம் 8 வாரம் இதனைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். மருந்துண்டோரில் நூற்றுக்கு 43 பேரும், வெற்று மருந்து உண்டோரில் நூற்றுக்கு 8 பேரும் நலங்கண்டனர்.

இன்று நாம் நீரும் கீரையும் நடையுமாக இருக்கிறோம். வாசக அன்பர்களே, மலத்தில் குருதி கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ எந்தப் பொடியையும் நாடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கருவுற்ற பெண்டிர்க்கு இவ்வேர் ஆகாது. மருந்தின் பெயரை மட்டும் கற்பது அரைக் கல்வி. எங்கே நிறுத்துவது என்பதையும் கற்க வேண்டும்.