விடுபட்ட ஏடு

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியம் பற்றியோ சைவ சமயம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் எழுத அமர்ந்தபொழுது மனம் வேறொன்றையே நாடிற்று. பழைய கணினி விளையாட்டு ஒன்றை மீள இயக்குதற்கு யான் பட்ட பாடே அது. "இதுவும் ஒரு பொருளா?" என்று அன்பர்கள் நகைத்தல் வேண்டாம். அவ்விளையாட்டை ஆடியவன் இக்கல்லூரியின் பழைய மாணவன். என் உடன்பிறந்த தம்பி.

2003 ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு பழைய கணினி வந்தது. தம்பி அப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன். 1997 இலே வெளிவந்த 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டின் இறுவட்டு ஒன்று எவ்வாறோ அவன் கைக்கு எட்டியது. காட்டை வெட்டி, மான் வேட்டையாடி, குடிசை கட்டி, கற்கால மாந்தர் கூட்டமொன்றைப் பேரரசாக உயர்த்துதலே அவ்விளையாட்டு. சில நாள்களில் நண்பனொருவன் தன் கணினியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு வருவான். இரண்டையும் கம்பியால் இணைத்து இருவரும் விடியுமட்டும் போர் புரிவர். அவன் இல்லாத வேளையில் யானும் ஆடிப் பார்ப்பேன்; அவன் அரிதிற் கட்டிய கோட்டைகளை இழந்துவிட்டு ஒன்றுமறியாதான் போல எழுந்து செல்வேன். அதனால் எங்களுக்குள் மூண்ட சச்சரவுகள் பல.

2006 இலே தம்பி கனடா சென்றான். செல்லுமுன் விளையாட்டின் கோப்புறை முழுவதையும் வேறோர் இறுவட்டிற் பதிந்து, மூல இறுவட்டுடன் சேர்த்து என் மேசை இழுப்பறையில் வைத்தான். 2021 இலே அந்நாட்டிலேயே காலமானான். இறுதிக் கிரியைகளை யான் கைப்பேசித் திரையிலே கண்டேனன்றி, நேரிற் காணும் பேறு பெற்றிலேன்.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தம்பியின் மனைவியும் மகனும் ஊருக்கு வந்திருந்தனர். மகனுக்கு வயது பதின்மூன்று. தமிழ் கேட்டால் விளங்கும். பேசுதல் சிறிது கடினம். இழுப்பறையில் இருந்த இறுவட்டுக்களைக் கண்டெடுத்தவன், "பெரியப்பா, அப்பா விளையாடின விளையாட்டு இதுவா? எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டான். தகப்பனைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுவே.

என் மடிக்கணினியில் இறுவட்டுச் செலுத்தும் வாயில் இல்லை. நண்பரொருவரிடம் அதற்குரிய கருவியை இரவல் பெற்றுக் கோப்புறையைப் படி எடுத்து இயக்கினேன். விளையாட்டு எழவில்லை. 'டிரெக்ற் பிளே' என்னும் கூறு இல்லையென்று திரை கூறிற்று. தருவித்துக்கொள்க என்று காட்டிய பொத்தானை அழுத்தினேன். இணைய இணைப்பு மெலிந்திருந்தமையால் அம்முயற்சியும் இடையில் முறிந்தது.

பையன் உடனே தன் கைப்பேசியில் தேடி, அக்கூற்றுக்குரிய கோப்பைத் தனியே வழங்கும் இணையத்தளம் ஒன்றைக் காட்டினான். அவன் முகத்து ஆவலைக் கண்ட யான் அதனை இறக்கும் எண்ணத்துடன் கையை நீட்டினேன். அக்கணத்தில் என் தொழிலே என்னைத் தடுத்தது என்பேன். பழஞ்சுவடியில் ஏடொன்று விடுபட்டிருப்பின் பதிப்பாசிரியர் செய்வது யாது? 1887 இலே கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரியோர் ஊர் ஊராகப் பிரதி தேடினரேயன்றி, யாரோ எழுதிய ஏட்டை இடையிற் செருகினாரல்லர். ஊர் பேர் அறியாதார் தரும் கோப்பும் இடைச்செருகலே. அது பிழையான பதிப்பாக இருக்கலாம். நச்சுநிரலைச் சுமந்து வருவதாகவும் இருக்கலாம். மூலம் எங்கே உளதோ அங்கேதான் ஏட்டைத் தேடுதல் வேண்டும்.

அன்றிரவு பொறுமையுடன் படித்து அறிந்தவற்றை, இத்தகைய இடர்ப்படும் மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன். விளையாட்டு ஒன்று தனக்கு வேண்டிய யாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. வகுப்பிலுள்ள மாணவர் யாவரும் நூலகத்து அகராதி ஒன்றையே எடுத்தாளுதல் போல, பல நிரல்கள் பொதுக் கோப்புக்கள் சிலவற்றைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. டி.எல்.எல். என்று முடியும் பெயருடையவை அவை. 'இக்கோப்பைக் காணவில்லை' என்னும் செய்தி தோன்றின், முதலிற் செய்யத்தக்கது அப்பெயரை எழுத்துப் பிசகாமற் குறித்துக்கொள்ளுதல். பெயரே பெரும்பாலும் மூலத்தைக் காட்டிவிடும்.

விடுபடும் கோப்புக்கள் மூவகைப்படும். முதலாவது, விளையாட்டுக்கே உரிய கோப்பு. படி எடுக்கையில் அது தவறியிருக்கலாம். நச்சுநிரல் காவலன் ஐயுற்று அதனைச் சிறைப்படுத்தியிருக்கவும் கூடும். காவலனின் சிறைப்பட்டியலைப் பார்த்தலும், மூல இறுவட்டிலிருந்து மீள நிறுவுதலும் இதற்கு மருந்து.

இரண்டாவது, மைக்ரோசொப்ற் நிறுவனம் தனித்தொகுதியாக வழங்கும் பொதுக் கோப்பு. 'எம்.எஸ்.வி.சி.பி.' என்று தொடங்கும் பெயரின் ஈற்றில் 100 என்று இருப்பின் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' 2010 ஆம் ஆண்டுத் தொகுதியும், 110 எனின் 2012 உம், 120 எனின் 2013 உம், 140 எனின் 2015 முதலாக வந்த தொகுதியும் வேண்டும். 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கி 24 முதல் 43 வரையுள்ள எண்ணொன்றைக் கொண்டு முடிவன 'டிரெக்ற் எக்ஸ்' 9 இன் துணைக் கோப்புக்கள். இவற்றின் இறுதித் தொகுதி 2010 ஆம் ஆண்டு யூன் மாதத்தது. புதிய கணினியிலே டிரெக்ற் எக்ஸ் 12 இருப்பினும் இப்பழையன அதனுள் அடங்கா. இவற்றையெல்லாம் அந்நிறுவனத்தின் தளத்திலேயே விலையின்றிப் பெறலாம்.

இங்கே ஒரு மயக்கமும் உண்டு. 64 பிட் விண்டோசில் 'சிஸ்ரம்32' என்னும் கோப்புறையிலே 64 பிட் கோப்புக்களும், 64 என்று முடியும் 'சிஸ்வாவ்64' இலே 32 பிட் கோப்புக்களும் உறைகின்றன. பெயரை நம்பிக் கையாற் கோப்பைப் புகுத்துவோர் ஏமாறுவது இதனாலேயே. பழைய விளையாட்டுக்கள் 32 பிட் ஆதலின், அவற்றுக்கு 32 பிட் தொகுதியையே நிறுவுதல் வேண்டும்.

மூன்றாவது, விண்டோஸ் தானே பழையதென்று ஒதுக்கிவைத்த கூறு. எங்கள் இடர் இவ்வகையினதே. டிரெக்ற் பிளே இறந்துபடவில்லை. கண்ட்ரோல் பனலிலே விண்டோஸ் வசதிகளை இயக்கவும் நிறுத்தவும் உள்ள பட்டியலில், பழமைக் கூறுகள் என்னும் தலைப்பின் கீழ் உறங்கிக் கிடக்கின்றது. மறுநாட் காலை இணைப்பு நன்றாயிருந்த வேளையில் அதன் பெட்டியிலே அடையாளமிட்டேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. ஓர் ஆட்டத்தைப் பல கணினியிலிருந்து பலர் கூடி ஆடுதற்கு வழி செய்வதே அக்கூறு என்பதைப் பின்னரே அறிந்தேன். தம்பியும் நண்பனும் கம்பி கட்டி ஆடியது அதன் துணையாலேதான்.

எல்லா விளையாட்டுக்கும் இவ்வாறு உயிர் மீளும் என்று கூற இயலாது. 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. டொஸ் காலத்தனவற்றுக்கு 'டொஸ் பொக்ஸ்' என்னும் நிரல் உதவும். 'சேப் டிஸ்க்' என்னும் பூட்டுடன் வந்த இறுவட்டுக்களையோ 2015 இலே வந்த விண்டோஸ் 10 முதலாக ஏற்பதில்லை. அப்பூட்டின் இயக்கியிற் பாதுகாப்புக் குறை கண்டமையே காரணம். எங்கள் விளையாட்டின் புதுக்கிய பதிப்பொன்று 2018 இல் வெளிவந்ததை யான் அறிவேன். ஆயின் பையனுக்கு வேண்டியது விளையாட்டன்று; தகப்பன் ஆடிய ஆட்டம்.

மூல இறுவட்டை இட்டு இயக்கியபொழுது திரை ஒருகணம் இருண்டு, பின்பு பழைய இசை எழுந்தது. சேமித்துவைத்த ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தோம். பெயர்கள் நாலைந்து இருந்தன. இறுதியில் இருந்ததைப் பையன் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஆங்கில எழுத்திலே தமிழ்: "அண்ணை தொடாதேங்கோ."

"பெரியப்பா, இதுக்கு என்ன கருத்து?" என்றான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையிலே சொற்களுக்குப் பொருள் கூறிவருபவன் யான். ஏவல், எதிர்மறை, மரியாதைப் பன்மை என்று இலக்கணங் கூறியிருக்கலாம். அன்று என் தொண்டை அடைத்தது. "அது எனக்கு அப்பா எழுதினது, மகன். நீ தொடலாம்" என்றேன்.

அவன் திறந்தான். கரையிலே சிறு ஊரொன்று; வயலிலே ஆட்கள்; பாதி எழும்பிய மதில். விட்ட இடத்திலேயே எல்லாம் நின்றன. பையன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மதிலின் மீதிப் பகுதியைக் கட்டத் தொடங்கினான். திரும்பிச் செல்லுமுன் அதை முடித்து வேறு பெயரிற் சேமித்தான். தகப்பன் வைத்ததை அப்படியே விட்டுவைத்தான்.

பழைய மாணவ அன்பர்களே, உங்கள் வீட்டு இழுப்பறைகளிலும் இத்தகைய இறுவட்டுக்கள் இருத்தல் கூடும். எறிந்துவிடாதீர்கள். இறுவட்டும் ஓலையைப் போல அழியுந் தன்மையது. காலந் தாழ்த்தாது படி எடுத்து வையுங்கள். ஏடு விடுபட்டதாயின் மூலத்தைத் தேடுங்கள். நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.

தம்பியின் அந்த ஆட்டம் என் கணினியில் இன்றும் இருக்கின்றது. யான் தொட்டிலேன்.