அவுக விட்டிருந்தா

ஸ்பானிய மொழியில் 'அப்லார்' என்றால் பேசுதல். 'அப்லாரோன்' என்றால் அவர்கள் பேசினார்கள். அதன் கடைசியில் உள்ள 'ரோன்' என்பதை எடுத்துவிட்டு 'ரா' சேர்த்தால் 'அப்லாரா'. முன்னால் 'சி' என்ற சொல்லை வைத்தால் 'அவள் பேசினால்' என்று பொருள். ஆனால் அவள் பேசுவதில்லை, பேசுவாள் என்ற நம்பிக்கையும் குறைவு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ஒழுங்கான வினைகள் எல்லாம் இப்படித்தான். 'கொமியேரோன்', சாப்பிட்டார்கள், 'கொமியேரா', சாப்பிட்டால். 'பிபியேரோன்', வாழ்ந்தார்கள், 'பிபியேரா', வாழ்ந்தால். அவர்கள் செய்து முடித்ததிலிருந்துதான் அவள் செய்யாதது பிறக்கிறது.

நாற்பதைத் தாண்டி இந்த மொழியைப் படிக்க உட்கார்ந்த எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் சொல்லும் 'செயின்' என்ற எச்சத்தில் இறந்தகாலம் இல்லை. இன்று நாம் பேசும் 'செய்தால்' இறந்தகால அடியின்மேல்தான் நிற்கிறது. படித்தால், போனால், பேசினால். நடக்காததைச் சொல்ல நமக்கும் நடந்ததன் உருவம் தேவைப்படுகிறது.

நயினார்கோவில் பக்கம் மானாவாரி பூமி. 'மழை பேஞ்சா', 'கம்மா நெறஞ்சா' என்று ஆண்களும் பெண்களும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். பெண்கள் மட்டும் சொல்லும் 'ஆல்' ஒன்று உண்டு. "எங்கய்யா விட்டிருந்தா பத்தாவது முடிச்சிருப்பேன்" என்பாள் அப்பத்தா. "அவுக விட்டிருந்தா டீச்சர் வேலைக்குப் போயிருப்பேன்" என்பாள் அம்மா. இரண்டு வாக்கியங்களிலும் எழுவாயைப் பாருங்கள். படிப்பதும் வேலைக்குப் போவதும் அவள். விடுவது வேறொருவர். அவளுடைய வினை அவருடைய வினையின் வாசலில் காத்துக்கிடக்கிறது.

ஸ்பானிய இலக்கணம் இந்த வினைவடிவத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'சுப்ஹுன்தீவோ'. இன்னொன்றின் கீழ் சேர்க்கப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். அவள் பேச வேண்டும் என்று விரும்பினார்கள், அவள் பேசக் கூடாது என்று தடுத்தார்கள், அவள் பேசிவிடுவாளோ என்று பயந்தார்கள். மூன்று இடத்திலும் 'அப்லாரா'தான். விருப்பம், தடை, பயம் மூன்றும் அவர்களுடையவை. அவளுக்கு மிச்சம் ஒரு சார்பு வாக்கியம்.

எங்கள் ஊர்ப்பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். வாய் பேசாத மகளை ஒரு முஸ்லிம் தகப்பன் நாகநாதர் சந்நிதிக்கு அழைத்துவந்தார்; அவள் 'நயினாரே' என்று கூப்பிட்டாள்; அந்தச் சொல்லே ஊராயிற்று. ஒரு பெண்ணின் முதல் சொல் ஊருக்குப் பெயரானதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் கேட்ட கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வீடு திரும்பிய பிறகு அவள் என்ன பேசினாள் என்று யாரும் சொன்னதில்லை.

மெக்சிகோவின் துறவியும் கவிஞருமான சோர் ஹுவானா, பெண்கள் கற்கும் உரிமைக்காக 1691இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சிறுமியாக இருந்தபோது, ஆண் உடை உடுத்திப் பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்துக்கு அனுப்பச் சொல்லித் தாயிடம் கெஞ்சியதை அதில் நினைவுகூர்கிறார். தாய் விடவில்லை. தாத்தாவின் புத்தகங்களை எடுத்துப் படித்தார். 'விட்டிருந்தால்' என்று அவர் காத்திருக்கவில்லை.

வகுப்பில் வினையெச்சம் நடத்தும்போது என் மாணவிகளை 'ஆல்' வரும் வாக்கியம் ஒன்று எழுதச் சொல்வேன். 'அப்பா சம்மதித்தால்', 'மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொண்டால்' என்றுதான் பெரும்பாலும் வரும். பிழை இல்லை, மதிப்பெண் உண்டு. பிறகு 'ஆல்' சேரும் வினைக்கு 'நான்' எழுவாயாக இருக்கட்டும் என்பேன். கொஞ்ச நேரம் பேனா நகராது. பிறகு ஒவ்வொன்றாக வரும். நான் கேட்டால். நான் மறுத்தால். நான் போனால்.

ஸ்பானிய மொழியில் 'நான் பேசினால்' என்பதற்கும் 'அவள் பேசினால்' என்பதற்கும் ஒரே வடிவம்தான்: அப்லாரா. தமிழில் 'பேசினால்' என்பதும் அப்படியே, யார் என்று சொல்வதில்லை. எழுவாயை நாம்தான் எழுத வேண்டும்.