அத்தாவின் அம்பாசிடருக்கு ஏ.ஸி.

குன்னூரில் வசிக்கும் ஒருவன் தன் காருக்கு ஏ.ஸி. பொருத்தப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, இவன் கையில் பணம் புரளுகிறது என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த வேளையில் நான் வாய்தவறி இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டேன். “ஐஸ் பெட்டிக்கு விசிறி வாங்குகிறீர்களா, தம்பி?” என்றார் ஒரு பெரியவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது 1968ஆம் ஆண்டின் அம்பாசிடர், மார்க் 2. மர்ஹூம் அத்தா அவர்கள் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியது. அத்தா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் அது எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. நெடுநாளாக ஆஸ்துமா, அத்துடன் முழங்கால் வலியும் சேர்ந்து கொண்டது. மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

“வித்துடுங்க அண்ணே, ஏ.ஸி.யோட சின்ன வண்டியா ஒண்ணு வாங்குங்க” என்று தங்கை பலமுறை சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு வண்டியைப் பார்க்கவும் போனோம். அம்மா தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, உள்ளே இறங்கி உட்கார்வதற்குள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அம்பாசிடரிலோ கதவு அகலம். இருக்கை நாற்காலி உயரம். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். இந்த வண்டியை நாங்கள் வைத்திருப்பதற்கு அத்தாவின் நினைவு ஒரு காரணம் என்றால், அம்மாவின் முழங்கால் அதைவிடப் பெரிய காரணம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு பேருந்து. கண்ணாடியைத் திறந்தால் டீசல் புகை நேரே நெஞ்சில் இறங்கும். மூடினால், பர்லியாறைத் தாண்டியதும் உள்ளே வெந்து போகும். மழைக்காலத்தில் வேறொரு சங்கடம். உள்ளே இருப்பவர்களின் மூச்சுக் காற்றே முன் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து பாதையை மறைத்துவிடும். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்தில் இருக்கும் என் மனைவி துணியால் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே வருவாள். ஏ.ஸி. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி விடுகிறது. ஆகவே பனிமூட்ட நாளில்தான் மலைக்காரனுக்கு அது அதிகம் உதவும். பெரியவருக்கு என் பதிலில் பாதி இதுதான்.

எதைப் பொருத்துவது என்ற கேள்வி வந்தது. துபாயில் இருக்கும் தங்கை மகன், அமெரிக்காவின் பழைய கார்களுக்கென்றே விற்கப்படும் ஏ.ஸி. சாமான்களின் படங்களை அனுப்பினான். டெக்சாஸில் 1976ஆம் ஆண்டில் தொடங்கிய விண்டேஜ் ஏர் என்ற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்கிறது. முஸ்டாங், கமாரோ போன்ற 1960களின் முரட்டு வண்டிகளுக்கு எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை போலத் தருகிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டிகளில் பலவற்றுக்கு எட்டு சிலிண்டர், இருநூறு முந்நூறு குதிரைத்திறன். அதிலிருந்து நான்கைந்தை ஏ.ஸி. எடுத்துக் கொண்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. எங்கள் வண்டிக்கோ 1,489 சி.சி., மொத்தமே சுமார் 50 குதிரைத்திறன். அதிலும் கார்புரேட்டர் வண்டி ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூருக்கு வரும்போது நாற்பது சொச்சம்தான் மிஞ்சும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவிலும் ‘அம்பாசிடர்’ என்றொரு கார் இருந்தது. நம்முடையதற்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. 1954இல் நாஷ் நிறுவனத்தார் குளிர்ச்சி, வெப்பம் இரண்டையும் ஒன்றாக்கி வண்டியின் முன்புறத்திலேயே அடக்கியது அந்த அம்பாசிடரில்தான். 1968இல், அதாவது எங்கள் வண்டி பிறந்த அதே ஆண்டில், அமெரிக்க அம்பாசிடரின் எல்லா வகைகளிலும் ஏ.ஸி. வழக்கமான அம்சமாகவே வந்தது. எங்கள் அம்பாசிடருக்கு அந்த பாக்கியம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாகக் கிடைத்திருக்கிறது!

முதலில் நான் செய்தது தவறு. செலவைக் குறைக்கும் நோக்கத்தில், கோவையில் ஒரு கடையில் வேனிலிருந்து கழற்றிய பழைய கம்ப்ரசரை மாட்டினேன். 138 சி.சி. அளவுள்ளது. “பெரிசா இருந்தா நல்லா குளிரும்” என்றார் கடைக்காரர். குளிரத்தான் செய்தது, மேட்டுப்பாளையம் வரை. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. முன்னால் வரிசையாக வண்டிகள். ஊர்ந்து ஊர்ந்து போகையில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கவில்லை. அதன் முகத்துக்கு நேரே ஏ.ஸி.யின் கண்டென்சர் வேறு அனலைக் கக்கிக் கொண்டிருந்தது. ஐந்தாவது வளைவுக்கு அருகே தண்ணீர் கொதித்து, பானட்டுக்கு மேல் ஆவி எழுந்தது. ஏ.ஸி.யை அணைத்தால் கம்ப்ரசரை விடுவிக்க வேண்டிய கிளட்சும் இறுகிப் போய் விடவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடிகளைத் திறந்தோம், எங்களைக் கடந்து சென்ற ஒவ்வொரு லாரியின் புகையும் உள்ளே வந்தது. அம்மாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. மனைவி இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவிக் கொண்டிருக்க, நான் சுடச்சுட பெல்ட்டைக் கழற்றிக் கொண்டிருந்தேன். 1939இல் உலகில் முதன்முதலாக ஏ.ஸி.யுடன் வந்த பேக்கார்டு காரில் கிளட்சே கிடையாதாம். குளிர் வேண்டாமென்றால் இறங்கி பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம். அதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அரை மணி நேரம் அந்தச் சாலையோரத்தில் நான் ஓதாத துஆ இல்லை. அல்லாஹ்வின் கிருபையால் இழுப்பு தணிந்தது. “வண்டியைத் திட்டாதே, அது என்ன செய்யும்?” என்றுதான் அம்மா சொன்னார்கள்.

அதன் பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு முதிய மெக்கானிக்கைப் பிடித்தேன். பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “பாய், குளிர் எவ்வளவு வேணும்ங்கறத அப்புறம் பேசலாமுங்க. வண்டி எவ்வளவு தாங்கும்னு முதல்ல பார்க்கோணும்” என்றார். அவர் கணக்கு எளிது. மாருதி 800 வண்டிக்கு 796 சி.சி. எஞ்சின்தான், அதுவே ஏ.ஸி.யுடன் ஊட்டி ஏறவில்லையா? அந்தச் சின்ன எஞ்சின் இழுக்கும் கம்ப்ரசரை நம் எஞ்சின் தாராளமாக இழுக்கும். அம்பாசிடரின் உள்ளிடம் பெரிது என்பதால் ஐஸ் போலக் குளிராது. கண்ணாடியை மூடி வைக்கும் அளவுக்குக் குளிர்ந்தால் போதாதா என்று கேட்டார். போதும் என்றேன்.

செலவில் பாதி, ஏ.ஸி. என்று சொல்ல முடியாத சாமான்களுக்கே போயிற்று. பழைய டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர் மின்சாரம். இரவில் விளக்கும் வைப்பரும் ஓட, கூடவே ஏ.ஸி. விசிறிகளும் சுழன்றால் பாட்டரி காலியாகிவிடும். ஆகவே ஆல்டர்நேட்டர் வந்தது. ரேடியேட்டருக்குப் புதிய உள்பகுதி, கண்டென்சருக்கு மின்விசிறி, கதவுகளுக்குப் புதிய பீடிங் ரப்பர். ரப்பர் சரியில்லாவிட்டால் புகை சந்து வழியே வந்துவிடும்; பிறகு எத்தனை ஆயிரம் செலவிட்டும் பயனில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்றையும் பொருத்தினார். வளைவில் வண்டிக்கு முழு வலுவும் கிடைக்க வேண்டும் அல்லவா?

கேஸ் விஷயத்தில் வாசகர்கள் கவனமாக இருக்க வேண்டும். முற்காலத்து ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரிப்பதால் மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி கைவிடப்பட்டுவிட்டது. இப்போது எங்கள் வண்டியில் இருப்பது ஆர்-134ஏ. பழைய ஆர்-12 சாமான்களில் அதைச் சும்மா நிரப்பினால் உள்ளேயிருக்கும் எண்ணெய் அதனோடு கலக்காது. கம்ப்ரசர் தேய்ந்து போகும். ஓரிடத்தில், சமையல் வாயு கலந்து நிரப்பினால் மலிவாக முடியும் என்றுகூட எனக்கு யோசனை சொன்னார்கள். அது தீப்பற்றும் பொருள். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

குளிர்ப்பெட்டியை முகப்புப் பலகைக்குக் கீழே தொங்கவிட்டோம். கண்ணாடிக்குக் காற்றுப் போக வேண்டுமானால் பலகையின் மேல் இரண்டு துளைகள் போட வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. அத்தா வெள்ளிக்கிழமைதோறும் தம் கையால் துடைத்து வைத்த பலகை அது. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். விஷயம் அம்மாவின் காதுக்குப் போயிற்று. “உங்க அத்தா ரேடியோ வைக்க ஓட்டை போட்டப்ப யாரைக் கேட்டாங்க?” என்றார்கள். மறுநாள் துளை போட்டாயிற்று.

சென்ற ஐப்பசியில் முதல் பயணம். நல்ல மழை. காட்டேரி அருகே மேகம் சாலையில் இறங்கியிருந்தது. உள்ளே கண்ணாடி தெளிவாக இருந்தது. மனைவி மடியில் துடைக்கும் துணியைப் பழக்கத்தால் எடுத்து வைத்திருந்தாள். ஒரு பேருந்தின் பின்னாலேயே பர்லியாறு வரை இறங்கினோம். அம்மா இருமவில்லை. திரும்பி வரும்போது செங்குத்தான இரண்டு மூன்று இடங்களில் சுவிட்ச் தானாகவே ஏ.ஸி.யை நிறுத்தி மீண்டும் தொடங்கியது. வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது.

குன்னூர் எல்லை வந்ததும் அம்மா என் தோளைத் தட்டினார்கள்.

“போதும், அதை அணைச்சுட்டுக் கண்ணாடியை இறக்கு. நம்ம ஊர்க் காத்து வரட்டும்.”