இல்லத்தார் அறியா வள்ளல்

2025-ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பெற்ற பியர் ஜார்ஜோ பிரசாத்தி, இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் 1901-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ‘லா ஸ்தாம்பா’ நாளிதழின் உரிமையாளர். பெர்லினில் தூதுவராகவும் விளங்கியவர். செல்வம் மிக்க அம்மனையில் இவ்விளைஞர் கையில் மட்டும் காசு தங்குவதில்லை. வண்டிக் கட்டணத்தையும் ஏழைக்கு ஈந்துவிட்டு, உணவு வேளை தப்பாதிருக்க ஓட்டமாய் வீடு சேர்வார். மகன் படிப்பில் கருத்தின்றித் திரிகிறான் என்றே பெற்றோர் எண்ணினர். அவரோ சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்ற விரும்பிச் சுரங்கப் பொறியியல் பயின்றுவந்தார். காலைதோறும் நற்கருணையில் இறைவன் தம்மிடம் வருகின்றார்; ஏழையர் குடிலுக்குத் தாம் செல்வது அதற்கு மறுவருகை என்பது அவர் கருத்து.

1925-இல் இளம்பிள்ளைவாதம் அவரைப் பற்றியது. அவ்வேளை பாட்டியார் இறக்கும் தறுவாயில் இருந்தமையால், இவர் நோயை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை, இவரும் முறையிடவில்லை. இறப்பதற்கு முதல்நாள், செயலிழந்துவந்த கையால் நண்பருக்குச் சீட்டொன்று எழுதினார். எழுத்துகள் கோணிச் சிதைந்தன. ஏழை ஒருவருக்குரிய ஊசிமருந்தைச் சேர்ப்பிக்கவேண்டும். மற்றொருவரின் அடகுச் சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்கவேண்டும். அவ்வளவே செய்தி.

ஜூலை 4-ஆம் நாள், 24-ஆம் அகவையில் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்தின்போது தெருவெங்கும் ஏழையர் திரண்டு நின்றனர். அவர்கள் யாவர் எனப் பெற்றோர் அறியார். தமக்கு உதவிய இளைஞர் இத்துணைப் பெரிய வீட்டுப் பிள்ளை என்பதை, வந்தோருள் பலரும் அன்றுதான் அறிந்தனர்.